வெள்ளி என்றால் செவ்வாய்

1

இந்தக் கதை என் அண்ணி சிரித்துக்கொண்டே சொன்ன விஷயத்தில் பிறந்தது. அவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில், எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக் என்று முடிவு செய்து அனுப்புபவர்.

"மேனேஜர் வெள்ளிக்கிழமை டெட்லைன்னா, நாங்க அடுத்த செவ்வாய்னு எடுத்துக்குவோம் தம்பி. நாங்க இழுத்தடிப்போம்னு தெரிஞ்சுதான் அவரும் முன்னாடியே சொல்றாரு."

நானும் சிரித்தேன். என் பத்திரிகை ஆசிரியரும் அப்படித்தான்.

2

(கொஞ்சம் அகராதி வேலை. பொறுத்துக்கொள்ளுங்கள்.) டெட்லைன் முதலில் நாளைக் குறிக்கவில்லை, இடத்தைக் குறித்தது. போர்க்கைதிகளை அடைத்த முகாமில், வேலிக்கு உள்ளே ஓர் எல்லை. தாண்டியவனைக் காவலர் சுடலாம், கேள்வி கிடையாது. அந்தச் சொல் எப்படியோ பத்திரிகை அலுவலகங்களுக்குள் வந்து, எல்லா மேசைகளுக்கும் பரவியது. துப்பாக்கியை வழியில் எங்கோ போட்டுவிட்டது. [என்றுதான் நினைத்திருந்தேன்.]

3

முதல் தொடக்கம்: 'லிஃப்டைத் தாங்கும் கம்பிவடம் நைந்து...' வேண்டாம். பயமுறுத்தவென்றே எழுதியது போலிருக்கிறது.

இரண்டாவது: புது மேனேஜர் வருகிறார். அவருக்கு வெள்ளி என்றால் வெள்ளிதான். ஒரு கட்டடத்தில் நைந்த கம்பிவடத்தை மாற்றும் வேலையை, கதைக்குள் இருக்கும் அண்ணி வழக்கம்போலத் திங்களுக்குத் தள்ளுகிறார். சனிக்கிழமை பேச்சுவாக்கில் அவரிடம் கேட்கிறார்.

"அது சரி சார், நெஜமான தேதி என்ன?"

"நான் சொன்னதுதாங்க. ஏன், இன்னும் மாத்தலையா?"

அண்ணி உடனே போன் போடுகிறார். அந்தக் கட்டடத்தின் ஏழாம் மாடியில்தான் அவர் மகள் டியூஷன் படிக்கிறாள். (நிஜத்தில் அண்ணிக்கு மகள் இல்லை. பயம் வேண்டுமென்று நான் கொடுத்தேன். கொடுத்த பிறகு எனக்கே அவள்மேல் பாசம் வந்துவிட்டது.) கட்டடத்துக் காவலாளி போனை எடுக்கவில்லை. மகள் எடுக்கிறாள்.

"லிஃப்ட்ல ஏறாதடி! படியில இறங்கு!"

"என்னம்மா? சரியா கேக்கல. லிஃப்டுக்குள்ள இருக்கேன், கீழ வந்து பேசறேன்."

4

முடிவு ஒன்று: வடம்... என்னால் முடியாது.

முடிவு இரண்டு: அவள் பத்திரமாக இறங்குகிறாள். எல்லோரும், "பாத்தியா, ஒண்ணும் ஆகல, இன்னும் நாள் இருக்கு" என்கிறார்கள். இதை எழுத அதைவிடப் பயமாக இருக்கிறது.

எதை வைக்கலாம் என்று கேட்க, இதுவரை எழுதியதை இன்று அண்ணியிடமே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"இது கற்பனைதானே தம்பி?"

"ஆமா அண்ணி."

"போன வாரம் எங்களுக்கு மேனேஜர் மாறிட்டாரு. நானும் ஒரு வடத்தைத் திங்களுக்குத் தள்ளி வெச்சிருக்கேன்."

அவர் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. எந்தக் கட்டடம் என்று எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் எங்கே நின்று வாசிக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியாது. லிஃப்டுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால், முடிவு உங்கள் கையில்.