கண்ணாடி போட்ட பள்ளம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எங்கள் கிராகோ ஊரில் ஒரு பள்ளத்துக்குக் கண்ணாடி போட்ட கதையைச் சொல்கிறேன். கசகசா ரொட்டியைத் தின்றுகொண்டே கேளுங்கள்.

என் எதிர்வீட்டுக்குச் சலோமியா குடிவந்தாள். எங்கள் யூதப் பெண்தான், அறுபது வயது, தையல்காரி. அந்த வீட்டு வாசலின் வலது நிலைக்காலில், விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம் உண்டு. போருக்கு முன்னால் அங்கிருந்த குடும்பம் மெசூசா பதித்த இடம். வேத வசனம் எழுதிய தோல்சுருளைச் சின்னக் கூட்டில் வைத்து வாசலில் பதிப்போமே, அதுதான். போரில் யூதர்களைப் பிடித்தபோது அந்தக் குடும்பத்தையும் வதைமுகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூட்டையும் யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்த பள்ளத்துக்குக் கட்டட நிர்வாகி ரோகாலா கண்ணாடி போட்டிருந்தார். தினமும் சுற்றுலாக் கூட்டம் வந்து படம் பிடித்துக்கொண்டு போகும்.

குடிவந்த முப்பது நாளுக்குள் மெசூசா பதித்துவிட வேண்டும், அது எங்கள் முறை. சலோமியா மூன்று தடவை ரோகாலாவிடம் போய்க் கேட்டாள். பள்ளத்தைத் தொட்டால் பாரம்பரியம் கெட்டுவிடும், இடது பக்கம் அடித்துக்கொள்ளுங்கள் என்றார். இடது பக்கம் எங்களுக்கு ஆகாது என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

முப்பதாம் நாள் காலையில் முக்காலி போட்டு ஏறி, திருப்புளியால் கண்ணாடியைக் கழற்றினாள். முக்காலியைப் பிடித்துக்கொண்டது நான்தான். அந்த நேரம் பார்த்து வழிகாட்டிப் பையன் பார்டெக் இருபது பேரோடு வந்து நின்றான். பின்னாலேயே ரோகாலா மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"இறங்குங்கம்மா. அந்தக் காலிப் பள்ளத்தப் பாக்கத்தான் இத்தன பேர் வர்றாங்க."

"காலியா கெடந்தா பாரம்பரியம், ஆள் வந்தா இடைஞ்சலா, சார்?" திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். "இது என் வாசல். இன்னைக்கு முப்பதாவது நாள். அந்த ஆணிய எடுங்கக்கா."

எடுத்துக் கொடுத்தேன். ஆசிமொழி சொல்லிவிட்டு, அதே பள்ளத்தில், அதே சாய்வில் மெசூசாவை வைத்து அடித்தாள். கழற்றிய கண்ணாடியை ரோகாலா கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்குங்க. ஒடஞ்சிடப் போவுது."

அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று பார்டெக் கூப்பிட்டான். ஒருவரும் நகரவில்லை. புவனோஸ் அயர்ஸிலிருந்து வந்த ஓர் அம்மாள், பூட்டிக் கிடந்த ஜெபக்கூடங்களையும் கல்லறைகளையுமே ஒரு வாரமாகப் பார்த்துவந்தவள், முன்னால் வந்து மெசூசாவைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். பிறகு, உள்ளே வரலாமா என்று கேட்டாள். அன்று சலோமியா வீட்டில் தேநீர்க் கோப்பை போதாமல் என் வீட்டிலிருந்தும் கொண்டுபோனோம்.

எடுக்கச் சொல்லி ரோகாலாவின் கடிதம் இன்னும் வருகிறது. அவள் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டாள்.

உங்கள் வீட்டுக்குள் வருகிறவர்கள் பசியாறட்டும், வெளியே போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்பட்டும், என் கண்ணுகளா.