அது என் அக்காவுடையது

டிராயிங் மாஸ்டர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மூடியபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அதற்கு முன்பே நூல் ஆலை மூடியாயிற்று, கண்ணாடித் தொழிற்சாலை மூடியாயிற்று, கடைத்தெருவில் பாதிக் கதவுகள் இறங்கியே கிடந்தன. சம்பளம் வாங்காத அப்பன்மார்கள் எங்கிருந்து பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுவார்கள்? தலைமையாசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு, கண் கலங்கி, கை குலுக்கி அனுப்பிவைத்தார். மாஸ்டர் தன் பிரஷ்களையும் கலர் டப்பாக்களையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஐந்து மாதம் எப்படியோ ஓடியது. ஆறாவது மாதம் அரசாங்கத்தின் நிவாரண அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றார். வேலையில்லாதவர்களுக்கு அங்கே வேலை அட்டை கொடுத்தார்கள். அட்டை கிடைத்தவன் ஆற்றோரம் போடுகிற புதுச் சாலையில் மண் வெட்டலாம். மண்வெட்டி பிடித்தறியாத கையை எப்படி மறைப்பது என்று யோசித்தபடியே அவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். அங்கிருந்த அதிகாரியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்தா? அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றார். மறுநாளே அவருக்கு விசாரணையாளர் வேலை கிடைத்தது.

விசாரணையாளர் என்பது காகிதத்தில் இருந்த பெயர். தெருவில் அவர்களுக்கு மோப்பக்காரர் என்று பெயர். நிவாரணம் கேட்கிறவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும். உண்மையிலேயே இல்லாதவர்கள்தானா என்று பார்க்க வேண்டும். பீரோவைத் திறக்கச் சொல்ல வேண்டும், பாத்திர மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கட்டிலுக்கடியில் குனிய வேண்டும். வருமானம் தரக்கூடிய சாமான் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்பது சட்டம். இருந்தால் முதலில் அதை விற்றுச் சாப்பிடு, அப்புறம் வா என்பார்கள்.

முதல் வாரம் மாஸ்டருக்கு உடம்பே கூசியது. பிறத்தியார் சமையலறையில் நின்று மூடியைத் தூக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டாவது மாதம் கூச்சம் மரத்துப் போயிற்று. புதுப் பழக்கம் ஒன்றும் வந்தது. சுவரில் சதுரமாக வெளிறிய இடம் தெரிந்தால், "இங்கே இருந்த கடிகாரம் எங்கே போச்சு?" என்று கேட்கத் தெரிந்தது. படம் வரைகிற கண் அல்லவா, எதையும் தப்பவிடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா ஒருநாள் மத்தியானம் தள்ளுவண்டியில் தன் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தாள். மேலே ஒரு போர்வை. அவளுடைய கணவர் லேத் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். பட்டறை மூடிய பிறகு அவரும் வேலை அட்டைக்கு எழுதிப் போட்டிருந்தார்.

"எங்க வீட்டுக்கு நாளைக்கு உங்க ஆள் வர்றாராம். இதைப் பார்த்தா அட்டை கிடைக்காது. இதை வித்துட்டா நாளைக்கு நிலைமை சரியாகும்போது நான் எதை வெச்சுப் பிழைப்பேன்? கொஞ்ச நாள் உன் வீட்ல இருக்கட்டும். மோப்பக்காரன் வீட்டுக்கு எந்த மோப்பக்காரன் வரப்போறான்?" என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தாள்.

அவரும் சிரித்தார். அக்கா கல்யாணத்துக்கு முன்பே, ஊர்த் துணியெல்லாம் தைத்துச் சேர்த்து வாங்கிய மெஷின் அது. அவர் ஓவியப் பள்ளியில் படித்ததே அந்த மெஷின் ஓடியதால்தான். அதை அவரும் மனைவியுமாக இறக்கி ஜன்னலோரம் வைத்தார்கள்.

அத்தானுக்கு அட்டை கிடைத்தது. மண் வேலைக்குப் போக ஆரம்பித்தார். உள்ளங்கை கொப்புளித்தாலும் மனுஷர் வாரக் கடைசியில் நிமிர்ந்து நடந்தார். வழியில் பார்த்தால், "என்ன மாப்ளே, இன்னிக்கு எத்தனை வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்தே?" என்று உரக்கக் கேட்பார். அதில் கேலி இருக்கும், காயம் இருக்காது.

பிறகு அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்கின. விசாரணையாளர்கள் சிலர், கண்டதைக் காணாதது போல இருப்பதற்காக ஏழைகளிடமே சாமான்கள் வாங்கிக்கொள்கிறார்களாம். மேலிடம் கொதித்துப் போய், விசாரணையாளர்களின் வீடுகளையும் பார்க்கச் சொல்லிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை அதிகாரியம்மாவே ஒரு குமாஸ்தாவுடன் மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினார், கொடுத்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார், மாஸ்டரின் ஒன்பது வயது மகளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். குமாஸ்தா பேருக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். எழுந்து போகும்போது அதிகாரியம்மாவின் கண் ஜன்னலோரம் போயிற்று.

"அழகான மெஷின். எங்கம்மா கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்தது" என்றார்.

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. மாஸ்டரின் மனைவி, "எனக்கு எங்கம்மா வீட்ல குடுத்த..." என்று ஆரம்பிக்கக்கூடச் செய்தாள். சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் தையல் மெஷின் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் மாஸ்டரின் தலைக்குள் அந்த மொட்டைக் கடிதங்கள் படபடத்தன. லஞ்சமாக வாங்கியது என்று நினைத்துவிட்டார்கள், வேலை போயிற்று என்றே பயந்தார். மனைவியின் பேச்சை வெட்டிக்கொண்டு, "அது எங்களுது இல்லே மேடம், அது என் அக்காவுடையது" என்று சொல்லிவிட்டார்.

சொன்னதோடு நின்றாரா? இல்லை. அதிகாரியம்மா ஒரு கணம் பேசாமல் நின்றதைப் பார்த்ததும் இன்னும் பயந்து, விசாரணைக்கு முதல் நாள் கொண்டுவந்து வைத்ததையும் சொன்னார். தெருவையும் கதவு எண்ணையும் குமாஸ்தா கேட்டபோது அதையும் சொன்னார். அவன் எழுதிக் காட்டிய தாளில், அச்சடித்தது போன்ற கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவங்க கேட்கவே இல்லையேங்க" என்றாள்.

திங்கட்கிழமை சாலை வேலையிடத்தில், வரிசையில் நின்றுகொண்டிருந்த அத்தானைக் கண்காணிப்பாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மெஷினை மறைத்து வைத்த குற்றத்தை எல்லோர் முன்னாலும் படித்தார். காட்டிக் கொடுத்தது யார் என்று அதில் இல்லை. மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதே நாள் அலுவலகத்தில், மாவட்ட மேலாளர் விசாரணையாளர்கள் அத்தனை பேரையும் நிற்கவைத்து, "கூடப் பிறந்த அக்கான்னும் பார்க்காம உண்மையைச் சொன்னாரே, இவரைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். மாஸ்டர் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். கை தட்டல் நிற்கவே நிற்காதோ என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அக்காவும் அத்தானும் தள்ளுவண்டியோடு வந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்றாள். அத்தான் உள்ளே வந்து மெஷினைத் தூக்கக் குனிந்தார். மாஸ்டர் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"விடுங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றார் அத்தான்.

மாஸ்டரின் கை தானாக விலகியது. பதினெட்டு வருஷ உறவில் அந்த மனிதர் வாயிலிருந்து அவருக்கு வந்த முதல் 'சார்' அது. ஒரு ஆள் தனியாகத் தூக்கக்கூடிய கனமில்லை. அத்தான் மூச்சு வாங்க, படி படியாக வைத்து வைத்து இறக்கினார். அக்கா போர்வையை இழுத்துச் சரியாக மூடினாள். தம்பியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய சாமான் கடை இருக்கிற திசையில் வண்டி போயிற்று.

மூன்று வாரம் போனது. மாஸ்டர் வேலைக்குப் போனார், வந்தார். மனைவி சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மகள், "அத்தை ஏன் வர்றதில்லே?" என்று கேட்டாள். சட்டப்படி நான் செய்தது சரிதானே என்று அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார். பத்துத் தடவை சொல்ல வேண்டியிருந்ததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

நாலாவது வாரம் அவரை இலவச உணவுக் கூடத்தில் போட்டார்கள். பழைய சந்தைக் கொட்டகை அது. நீளமான வரிசை, பெரிய பெரிய அண்டாக்கள், வாசலில் ஒரு மேஜை. மேஜையில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. குனிந்த தலை நிமிராமல் குத்திக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கணத்தில் நிமிர்ந்தபோது, மூன்று பேருக்குப் பின்னால் அக்காவின் மூத்த மகள் நின்றாள். பதினாலு வயது. கையில் மூடி போட்ட தூக்கு.

அவளும் அவரைப் பார்த்தாள். முகம் சிவந்தது. பார்த்தது யார், பார்க்கப்பட்டது யார் என்றே தெரியாதபடி இருவரும் ஒரே சமயத்தில் கண்ணைத் தாழ்த்தினார்கள். அடுத்த நொடி அவள் வரிசையை விட்டு விலகி, காலித் தூக்கோடு வேகமாக நடந்தாள்.

"அம்மாடி! நில்லும்மா!" என்று மாஸ்டர் எழுந்து கத்தினார். அவள் திரும்பவில்லை. வரிசையில் நின்ற ஒரு கிழவர், "சார், என் சீட்டு" என்றார். அவர் உட்கார்ந்து முத்திரை குத்தினார். அந்த வரிசை முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் அதிகாரியம்மாவின் மேஜையில் ஒரு கடிதத்தை வைத்தார். 'மெஷின் என் மனைவியுடையது. பயத்தில் என் அக்காவுடையது என்று பொய் சொன்னேன். என் அக்கா கணவர் மீது குற்றமில்லை' என்று எழுதியிருந்தது.

அதிகாரியம்மா இரண்டு தடவை படித்தார்.

"இப்ப எழுதியிருக்கறதுதான் பொய்னு எனக்குத் தெரியும் மாஸ்டர்."

மாஸ்டர் தலையாட்டினார்.

"இதை நான் வாங்கிக்கிட்டா அவருக்கு அட்டை திரும்பக் கிடைக்கும். ஆனா பொய் வாக்குமூலம் கொடுத்தவரை நான் வேலையில வெச்சுக்க முடியாது. யோசிச்சுட்டுத்தான் வந்தீங்களா?"

"யோசிச்சேன் மேடம்."

அதிகாரியம்மா கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேட்கறேன். அன்னிக்கு நான் எதுவுமே கேட்கலையே. ஏன் சொன்னீங்க?" என்றார்.

"பயம் மேடம்."

"என்னைப் பார்த்தா?"

மாஸ்டர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த வாரம் அத்தான் மண்வெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த மாதம் மாஸ்டருக்கும் ஒரு வேலை அட்டை வந்தது. அவர் வீட்டைப் பார்க்க வந்த புது விசாரணையாளர், பழைய தோழர் என்று பாராமல் கலர் டப்பாக்களைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார். சாலை வேலையில் மாஸ்டரை மண் சுமக்கப் போட்டார்கள். அத்தான் அதே குழுவில் முன்வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தார். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மற்றவர்கள் பேசினார்கள். அலுவலகத்துச் செய்தி அரைகுறையாக வேலையிடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. "இவர்தான்யா, அக்கா புருஷனுக்காக நாற்காலி வேலையையே விட்டுட்டு வந்த மனுஷன்" என்று ஒரு கல் உடைப்பவர் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் மாஸ்டருக்கு நிழலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். தண்ணீர் அவருக்கு முதலில் வந்தது. அவர் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்லப் போனால், பல மாதத்துக்குப் பிறகு மனசுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. அத்தான் அதையும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். தம்பி மனைவி கொடுத்த டீயைக் குடித்தாள். புதிதாக அரசாங்கம் திறந்த தையல் கூடத்தில் தனக்கு வேலை கிடைத்திருப்பதைச் சொன்னாள். அங்கே அவர்கள் மெஷினிலேயே தைக்கலாமாம், ஆஸ்பத்திரிகளுக்குப் போர்வை, தலையணை உறை. "நம்ம மெஷின் மாதிரி ஓடாது. இருந்தாலும் மெஷின்தானே" என்றாள்.

"அக்கா, நான்..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"நீ எனக்காக வேலையை விட்டேன்னு அங்கே எல்லாரும் பேசிக்கறாங்களாமே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கோபத்துல சொல்லலே. கோபப்பட்டு முடிஞ்சாச்சு. நீ எனக்காக விடலே. உனக்குத் தூக்கம் வரலே, அதனால விட்டே. அது தப்பில்லே, நல்லதுதான். ஆனா அதை எங்க தலையில உபகாரமா ஏத்தி வைக்காதே. உங்க அத்தான் அதைக் காதால கேட்டுக்கிட்டே மண்ணு வெட்ட வேண்டியிருக்கு."

மாஸ்டருக்குக் காது மடல்வரை சூடேறியது. மேலாளர் புகழ்ந்த அன்றுகூட இப்படிக் கூசவில்லை. அக்கா டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, "அடுத்த வாரம் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க" என்று தம்பி மனைவியிடம் சொன்னாள். தம்பியை வராதே என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கல் உடைப்பவர் வழக்கம்போலத் தண்ணீர்க் குவளையை மாஸ்டரிடம் முதலில் நீட்டினார். அவர் வாங்கவில்லை. எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் முன்னால் பேசிய குரல், இருபது ஆட்கள் முன்னால் நடுங்கியது.

"நீங்க நினைக்கற மாதிரி இல்லே. இவரோட அட்டை போனதே என்னாலதான். யாரும் கேட்கலே, நானாத்தான் காட்டிக் கொடுத்தேன். அப்புறம் ஒரு மாசம் கழிச்சுத்தான் போய் மாத்திச் சொன்னேன். அதுக்குள்ள இவங்க மெஷின் வித்துப்போச்சு. இவங்க பொண்ணு சாப்பாட்டு வரிசையில வந்து நின்னா."

கல் உடைப்பவர் குவளையைப் பார்த்தார், பிறகு பக்கத்து ஆளிடம் கொடுத்தார். இரண்டு பேர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அத்தான் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி வாயையும் மென்று விழுங்கிவிட்டு, கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சரி, சரி, வேலையைப் பாருங்கப்பா. மழை வர்றதுக்குள்ள இந்தக் கரையை ஏத்தணும்" என்றார், பொதுவாக எல்லோருக்கும்.

மாஸ்டர் கூடையை எடுத்துக்கொண்டு அவர் வெட்டிப் போட்ட மண்ணின் பக்கமாகப் போனார். அன்று சாயந்திரம்வரை யாரும் அவருக்கு நிழலில் இடம் கொடுக்கவில்லை. தாகம் எடுத்தபோது வரிசையில் கடைசியாகப் போய் நின்றார்.