மரங்கொத்திக்கும் சிட்டுக்குருவிக்கும் நடுவே

வெள்ளிக்கிழமை என் பாட்டு வெளியாகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான்தான். படம் எடுத்தது, விளம்பர வரி எழுதியது, பாட்டை இணையத்தில் ஏற்றியது, எல்லாம் நானே. மேனேஜர் வைத்துக்கொள்ள நான் என்ன மகாராணியா? பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் டோக்கன் கொடுப்பவள். பாட்டை எழுதிய அக்கா தையல்கடையில் காலர் தைப்பவள்.

அடுத்த மாதம் நகர அரங்கத்தில் புதுப் பாடகர்களுக்கு ஒரு மாலை ஒதுக்கியிருந்தார்கள். ஆறு வருடம் அடுத்தவர் மேடையில் கோரஸ் பாடிய எனக்கு, சொந்தப் பாட்டோடு முன்னால் நிற்க அதுதான் முதல் வாய்ப்பு. இருந்தது ஒரே ஓர் இடம். அரங்க மேலாளர் அம்மா பாட்டைக் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் முடிவு சொல்வார். என் பக்கத்தின் லிங்க்கை அன்று காலையிலேயே அனுப்பிவிட்டேன். திறந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்ற புத்தி இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

மதிய இடைவேளையில் ஆசை ஆசையாகத் திறந்தேன். ‘மரங்கொத்தி, இரண்டு மணி நேரம்.’ ‘மழைக்குப் பின் சிட்டுக்குருவிகள்.’ தூக்கம் வராதவர்களுக்காகப் பறவைச் சத்தம் பதிவு செய்யும் யாரோ ஒரு புண்ணியவானின் பக்கம் அது. இரண்டுக்கும் நடுவில் என் பாட்டு. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘நல்லா தூங்கிட்டிருந்தேன். யாருய்யா இந்தப் பொம்பளை?’

குயில் என்று நானே வைத்துக்கொண்ட மேடைப் பெயரில் பாட்டை ஏற்றும்போது அந்தத் தளம் கேட்டது ஞாபகம் வந்தது: ‘குயில் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கலைஞர் இருக்கிறார். அது நீங்களா?’ என்னை விட்டால் வேறு யார் குயில் என்ற திமிரில் ‘ஆம்’ என்று அழுத்தியிருந்தேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். தையல் மெஷின் சத்தத்தை மீறிக் கத்தினாள்.

“அடியே, அந்த அரங்கத்து அம்மாவுக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லு!”

“ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியலன்னு நினைப்பாங்கக்கா.”

“நினைச்சா நினைக்கட்டும். உண்மையைச் சொன்னா வாய் வெந்துடுமா? வை போனை.”

பக்கத்தைப் பிரித்துத் தர ஏழு நாள் ஆகும் என்று தளத்தின் உதவிப் பகுதியில் போட்டிருந்தது. மணி இரண்டே முக்கால். அரங்கத்துக்குப் போன் அடித்தேன்.

“மேடம், காலைல நான் அனுப்பின லிங்க்ல ஒரு தப்பு நடந்துடுச்சு…”

“பறவை சத்தம்தானே?” என்றார் அந்த அம்மா. “மரங்கொத்தியை இருபது நிமிஷம் கேட்டேன்மா. இது ஏதோ புது மாதிரி சங்கீதம், பாட்டு இப்ப வரும், அப்ப வரும்னு.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“அப்புறம்தான் அடுத்ததைப் போட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். இடம் உங்களுக்குத்தான். மாசம் பொறந்து இருபதாம் தேதி.”

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அப்பாடா! டோக்கன் கட்டு கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் சிதறியது.

“ஆனா குயில்னு நோட்டீஸ் அடிச்சா பாதிப் பேர் தலையணையோட வந்துடுவாங்க. உங்க சொந்தப் பேர் என்ன?”

வீட்டில் வைத்த பேரை மேடைக்குத் தர இத்தனை நாளும் வெட்கப்பட்டவள் நான். அன்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பாட்டு எழுதியவர் பேரையும் போட முடியுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

திரும்ப அக்காவை அழைத்தேன்.

“கிடைச்சுடுச்சுக்கா. நோட்டீஸ்ல உன் பேரும் வருது.”

மெஷின் நின்றது.

“என் பேரா? எதுக்குடி?”

“பாட்டு எழுதினது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“எழுத்துப் பிழை இல்லாமப் போடச் சொல்லு,” என்றாள்.