தலை தட்டையாகாத மேகம்

என் புருஷன் மாசிலாமணி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். நான் பாலவாக்கத்து மீன்காரி மகள். பாதிரியார் பேசி முடித்த கல்யாணம் என்பதால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கோபத்தை ஆயுசு முழுக்க என்மேல் காட்டினார். அம்மா வீட்டுக்குப் போய்வந்தால் புடவையில் கருவாட்டு வாடை என்று தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

கல்யாணமான புதிதில் மட்டும் ஒரு நல்ல நாள் இருந்தது. உலை கொதிக்கும்போது பானை மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் முழுக்க நீர்த்துளி.

"மேகமும் இப்படித்தான், தேசம்மா. வெயில்ல ஈரக்காத்து சூடாகி மேல போகும். போகப்போகக் குளிர்ந்து துளியாயிடும்" என்றார்.

மாடிக்கு அழைத்துப்போய், மேற்கே பால் பொங்குகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்த மேகத்தையும் காட்டினார். அதற்கு மேல் ஏற முடியாத உயரம் வந்ததும் அதன் தலை கொல்லன் பட்டடைக்கல் மாதிரி தட்டையாகப் பரவுமாம். அப்படிப் பரவினால் இடியும் மழையும் நிச்சயம். தலை பரவாமல் ஓரம் பஞ்சாகப் பிரிந்தால் கலைந்துவிடும். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

முப்பத்துநாலாம் வருஷம் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தம்பி லாசர் வேர்த்து வழிய வந்து நின்றான்.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. உன்னதான் கேட்டுக்கினே கீது. வண்டி வாசல்ல நிக்குது, கெளம்பு."

என் புருஷன் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார்.

"மேகம் ஏறுது. திருவான்மியூர் தாண்டினா ஒதுங்க ஒரு கூரை கிடையாது. காலைல போகலாம்."

"தலை இன்னும் தட்டையாகலையே" என்றேன்.

"எனக்கே பாடம் நடத்தறியா? கொஞ்ச நேரத்துல ஆயிடும்."

"நனைஞ்சா இன்னா மாமா? அம்மா காலீல வரைக்கும் தாங்காது" என்றான் லாசர்.

அவர் ஜன்னலைச் சாத்தினார். வாத்தியார் பேச்சை மீறி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. தம்பி வெறும் வண்டியோடு திரும்பிப் போனான்.

அப்புறம் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சிநேகிதர்களோடு நாடகம் பார்க்கக் கிளம்பினார். அவர் போன பிறகுதான் சுவரைப் பார்த்தேன். குடை ஆணியில் தொங்கியது. லேசாகத் தூறும்போலத் தெரிந்தால்கூட அதில்லாமல் படி இறங்காத மனுஷர். மாடிக்கு ஓடினேன். மேகத்தின் ஓரம் பஞ்சாகப் பிரிந்துகொண்டிருந்தது.

கதவைப் பூட்டாமல்கூட நடந்தேன். வழியில் ஒரு சொட்டு மழை இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று லாசர் சொன்னான்.

மறுநாள் அடக்கத்துக்கு அவர் வந்தார். சுள்ளென்று வெயில். ஒரு கையில் குடை, மறு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டை. எங்கள் ஜனங்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"நேத்து மேகம் கலைஞ்சுபோச்சு, தேசம்மா. சில சமயம் அப்படி ஆயிடும்" என்றார் மெதுவாக.

"தெரியும். நேத்து கொடை ஆணிலதான் தொங்கிக்கினு இருந்துச்சு" என்றேன்.

அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.