அறுநூற்று நாற்பத்தோராவது பெயர்

1919 ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, கெல்லோபர்ன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் கெல்லோ ரெஜிமெண்ட் அணிவகுத்து நின்றது. ஒவ்வொருவன் தொப்பியிலும் ரோவன் மரத்துச் சிவப்புப் பழக்கொத்து. முரசுகளைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். சார்ஜென்ட் மேஜர் ஆடம் டோரன்ஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பட்டியலைப் பிரித்தார்.

இருநூற்று முப்பது வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில், ஒரே காலையில், எழுநூறு இடையர்களும் நெசவாளிகளும் பெயர் கொடுத்துப் படையானார்கள். முதல் போர் முடிந்து திரும்பிய அன்று, கர்னல் இறந்தவர்களின் பெயர்களையும் சேர்த்துக் கூப்பிட்டார். அவரவர் வீட்டு ஆட்கள் ‘உள்ளேன்’ என்று பதில் சொன்னார்கள். ரெஜிமெண்டில் சேரும் எவனுக்கும் முதல் வாரமே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் அதுதான் வழக்கம். கூப்பிட்ட பெயர் எதுவும் பதிலில்லாமல் போகக்கூடாது. வீட்டார் இல்லையென்றால் ஊர்க்காரன் சொல்லுவான்.

பிரான்ஸில் போர் முடிந்து திரும்பிய பிறகு நடக்கும் முதல் விழா என்பதால் நான்கு வருடத்துச் சாவும் ஒரே பட்டியலில் இருந்தது. அறுநூற்று நாற்பது பெயர்கள். டோரன்ஸ் படிக்கப் படிக்க அப்பாக்கள், மனைவிகள், தங்கைகள் என்று சுவரோரக் கூட்டத்திலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. சிலர் கத்திச் சொன்னார்கள். சிலருக்கு உதடு மட்டும் அசைந்தது. அவர்களுக்காக டோரன்ஸ் ஒரு நிமிடம் நின்று பிறகு படித்தார். இரண்டு மணி நேரம் ஆனது.

“யங், வில்லியம்.”

“உள்ளேன்,” என்றாள் ஒரு கிழவி.

டோரன்ஸ் காகிதத்தை மடித்தார். அப்போது மேற்குச் சுவர்ப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது.

“உள்ளேன்.”

இளைஞன் குரல். சளி பிடித்தவன் பேசுவதுபோல் கொஞ்சம் அடைத்திருந்தது. அணியில் யாரும் தலையைத் திருப்பவில்லை. மேற்குச் சுவரோரம் ஆளே கிடையாது. ஆனால் அந்தக் குரல் யாருடையது என்று டோரன்ஸுக்குத் தெரியும்.

அது ராபி என்று எல்லோரும் கூப்பிட்ட ராபர்ட் ஹிஸ்லாப்பின் குரல். 1917 ஏப்ரலில், பிரான்ஸில் ஆராஸ் ஊர்ப் பக்கத்தில், பதுங்குகுழியை விட்டு நடந்து போய் ஒரு வைக்கோல் கொட்டகையில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தவன். பத்தொன்பது வயது. ஓடிப்போன குற்றத்துக்காக, பனி பெய்த ஒரு விடியலில் அவனைச் சொந்த ரெஜிமெண்டே சுட்டது. பன்னிரண்டு துப்பாக்கிகள். அப்போது வெறும் சார்ஜென்டாக இருந்த டோரன்ஸ்தான் அவனைக் கம்பத்தில் கட்டினார். அப்படிச் செத்தவனுக்குப் பட்டியலில் இடமில்லை.

மதியம் படைவீட்டு உணவறையில் வாட் லீஷ்மன் பீர் குவளையோடு வந்து உட்கார்ந்தான். ராபியைச் சுட்ட அந்தப் பன்னிரண்டு பேரில் மிஞ்சியிருந்த மூவரில் ஒருவன்.

“என்னப்பா, பேயறைஞ்சவன் மாதிரி உக்காந்திருக்க?”

“வாட், கடைசிப் பேருக்கு எத்தனை பேர் பதில் சொன்னாங்க?”

வாட் குவளையைக் கீழே வைத்தான். “நீயும் கேட்டியா?”

“மேற்குச் சுவர்ப் பக்கம்.”

“அதே அடைச்ச குரல். அன்னைக்கும் அவனுக்குச் சளிதான்.” வாட் சுற்றுமுற்றும் பார்த்தான். “இதை வெளியில சொல்லித் தொலைக்காதே ஆடம். ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்திப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவானுங்க. தனித்தனியா அனுப்பினாக்கூடப் பரவாயில்ல, உன் குறட்டையோட என்னால இருக்க முடியாது.”

டோரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அது கேட்டது. காலை வருகைப் பதிவில் கடைசிச் சிப்பாய் பதில் சொல்லி முடித்ததும் ஒரு நொடி இடைவெளி, பிறகு, “உள்ளேன்.” அதில் கோபம் இல்லை, குறை சொல்லும் தொனியும் இல்லை. கூப்பிட்டால் வரவேண்டுமே என்று வந்து நிற்கிறவன் குரல். டோரன்ஸ் அந்த வேலையை வேறொருவனிடம் தள்ளிவிட்டார். அப்போதும் கேட்டது. அவர் முகம் ஒட்டிப்போனது.

அப்படிச் செத்தவன் பெயரை முன்பு எப்போதாவது படித்திருக்கிறார்களா என்று பார்க்க, ஜனவரியில் அவர் ரெஜிமெண்டின் இரும்புப் பெட்டியைத் திறந்தார். அதற்குள் படையின் முதல் எழுத்தர் எழுதிய புத்தகம் இருந்தது. பழைய எழுத்து, ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. முதல் போர் முடிந்த நாளைப் பற்றிய பக்கத்துக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

அன்று கர்னல் செத்தவர்களைக் கூப்பிடவே இல்லை. ரொட்டி பங்கிடுவதற்காக உயிரோடிருந்தவர்களை மட்டுமே பெயர் சொல்லி எண்ணினார். மேரியன் வீச் என்ற பெண்ணின் கணவனைப் போருக்கு மூன்று நாள் முன்னால், ஓடிப்போனதற்காக ரெஜிமெண்ட் தூக்கில் போட்டிருந்தது. அவள் இந்த மேற்குச் சுவரில் ஏறி நின்று, ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ‘உள்ளேன்’ என்று கத்தினாள். இழுத்துப் போட்டார்கள், மறுபடி ஏறினாள். கடைசியில் கர்னல், “அவள் புருஷன் பெயரையும் படித்துத் தொலை” என்றார். படித்தார்கள். அவள் பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதைப் பார்த்த மற்ற விதவைகள், எங்கள் வீட்டுப் பெயரையும் படி என்று சுவரோரம் வந்து நின்றார்கள்.

மறுநாளே டோரன்ஸ் புத்தகத்தை இப்போதைய கர்னல் ஆகில்வியின் மேஜையில் வைத்தார்.

“படிச்சிருக்கேன், சார்ஜென்ட் மேஜர்,” என்றார் கர்னல், புத்தகத்தைத் தொடாமலே. “எனக்கு முன்னாடி இருந்த கர்னலும் இதைப் படிச்சிருக்கார்.”

“அப்போ ஹிஸ்லாப் பேரையும் படிக்கலாமே, சார்.”

“அறுநூத்து நாப்பது குடும்பத்து முன்னாடியா? ஓடாம நின்னு செத்தவங்க குடும்பம் அதெல்லாம்.” கர்னல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பெட்டியில வச்சுப் பூட்டுங்க. நல்ல பேரோட ஓய்வு வாங்கிட்டுப் போங்க.”

டோரன்ஸ் பூட்டினார். ஆனால் அடுத்த ஆகஸ்டில் அதே பட்டியலில் ‘யங், வில்லியம்’ முடிந்ததும் காகிதத்தை மடிக்காமல் நின்றார்.

“ஹிஸ்லாப், ராபர்ட்.”

கர்னலின் தலை சட்டென்று திரும்பியது. கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பதில் வரவில்லை. ராபியின் அம்மா எல்ஸ்பெத் விழாவுக்கு வருவதே கிடையாது. டோரன்ஸ் காத்திருந்தார். மரத்தில் காக்கைகள் மட்டும் கத்தின. வழக்கமான அந்தக் குரலும் வரவில்லை.

வாட் லீஷ்மன் அணியிலிருந்து ஓரடி முன்னால் வந்தான். “உள்ளேன்,” என்றான். ஓடிப்போனவனுக்குப் பதில் சொன்னதற்காகத் தெருவில் எத்தனையோ பேர் தன் முகத்தில் துப்புவார்கள் என்று தெரிந்தேதான் சொன்னான்.

அந்த வாரமே டோரன்ஸின் பதவிக்குரிய கைப்பிரம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவரைப் படையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கம்பளித்துணி ஆலையில் வாசல் காவலாளி வேலை கிடைத்தது. குரல் பிறகு வரவில்லை. ஆனாலும் பெயர் கூப்பிடும் சத்தம் எங்கிருந்து கேட்டாலும், கடைசிப் பெயருக்குப் பிறகு அவர் காது தானாகக் காத்திருந்தது.

செப்டம்பரில் ஒரு மதியம் எல்ஸ்பெத் ஹிஸ்லாப் ஆலை வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான பெண், வாய் இறுகியிருந்தது.

“எம் புள்ளை பேரைக் கூப்பிட்டியாமே. பதில் சொல்ல வேண்டியவ நானில்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ? சுட்டவன் வாயால பதில் வாங்கிட்டு வந்திருக்க.”

ராபியின் அம்மாவைக் கேட்கவேண்டும் என்ற நினைப்பே அந்த ஒரு வருடத்தில் தனக்கு வரவில்லை என்பது டோரன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

“தப்புத்தாம்மா,” என்றார்.

அவள் போகவில்லை. “கடைசியா என்ன சொன்னான்?”

“கையைக் கட்டின பிறகு சொன்னான்... ‘சார்ஜென்ட், பூட்ஸு கயிறு அவுந்து கெடக்கு, இப்படியே நிக்க முடியாது’ன்னு. நான்தான் கட்டிவிட்டேன்.”

“எந்தக் கால்?”

“இடது.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் இடது காலை ஓரடி முன்னால் வைத்தாள். அதில் கறுப்புக் கயிறு போட்ட பழைய பூட்ஸ்.

“அவனுக்கு எப்படிக் கட்டினியோ, காட்டு,” என்றாள்.

ஆலைச் சங்கு ஊதியது. பெண்கள் சாப்பாட்டுக்காக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். டோரன்ஸ் அவர்கள் எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு, அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, மெதுவாக, இரட்டை முடிச்சாகக் கட்டினார்.

“மறுபடி,” என்றாள் எல்ஸ்பெத்.