ஜன்னலோரம் நின்ற அக்கா

"நாலு வாரமா ஜன்னல்மா! இந்த வாரமும் உங்க கதாநாயகியை ஜன்னல் பக்கத்துல நிக்க வெச்சேன்னா, வீடு வாடகைக்கு விட விளம்பரம்னு நினைச்சுக்குவாங்க."

ஓவியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கடை மேஜைமேல் வைத்தார். காதுப்பக்கத்துத் திருகு லூசு. அவள் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுவது அவள் உயிர். அதற்குப் படம் போடுகிறவர் இவர்.

"ஏன் சார், அவ நல்லாத்தானே இருக்கா?"

"அதுதான் தொல்லையே! கோபப்பட மாட்டா, பொய் சொல்ல மாட்டா. தங்கச்சிக்கு ஆபரேஷன்னா கொட்டுற மழையில ஆஸ்பத்திரிக்கு ஓடுவா. அப்பவும் தலை கலையாது. இவளுக்கு நான் என்ன முகம் போடுறது?" கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. இது நீங்கதானே?"

திருகு கைநழுவி மேஜைக்கடியில் உருண்டது. கண்ணாடி இல்லாமல் அவரால் தேடவும் முடியவில்லை. அவளே குனிந்து எடுத்தாள். கொஞ்சம் அதிக நேரமே குனிந்திருந்தாள்.

போகும்போது வாசகர் கடிதக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். "பச்சை மை கார்டை முதல்ல படிங்க. ஆபீஸே சிரிச்சுது."

கையெழுத்திடாத கார்டு. 'தொடரில் வரும் அக்கா மிகமிக நல்லவர். இப்படி ஓர் அக்காவை நான் பார்த்ததே இல்லை.'

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் மேலே மேலே ஏறும் அந்த எழுத்தை, ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். தங்கை!

நாலு வருஷமாகப் பேச்சில்லை. வீடு மாறி, ஃபோன் நம்பரும் மாற்றிக்கொண்டு போய்விட்டவள். அவள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பாள் என்ற நப்பாசையில்தான் தொடரையே ஆரம்பித்தாள் அக்கா. நல்ல அக்காவைப் படித்துப் படித்து, தங்கையின் மனசு இளகிவிடாதா?

உண்மையில் அன்று மழையும் இல்லை, ஓட்டமும் இல்லை. "நாளைக்கு ஆபரேஷன்க்கா. பயமா இருக்கு. வர்றியா?" என்று தங்கை ஃபோனில் கேட்டாள். போட்டிக்கு அனுப்பவேண்டிய கதையில் கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது. "முதலாளி லீவு தரமாட்டேங்கறாருடி" என்று சொல்லி ஃபோனை வைத்த கையோடு பேனாவை எடுத்தாள். அந்தக் கதைக்கு ஆறுதல் பரிசுகூட வரவில்லை. லீவே கேட்கவில்லை என்ற விஷயம் மட்டும் எப்படியோ தங்கை காதுக்குப் போய்விட்டது.

இந்த வார அத்தியாயத்தில் தங்கை ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொள்வதாக எழுதி வைத்திருந்தாள். சாப்பாட்டு வேளையில் அதைக் கிழித்துப் போட்டாள். மழை, ஓட்டம் எல்லாம் கதாநாயகி பக்கத்து வீட்டில் அளந்த கதை என்று புதிதாக ஆரம்பித்தாள். லீவுப் பொய்யை எழுதும்போது கை இரண்டு முறை நின்றது. எழுதி முடித்தாள்.

ஓவியரின் படத்தில் ஜன்னலைக் காணோம். ஒரு கை ஃபோனை வைக்கிறது, மறு கை அதற்குள் பேனாவைத் துழாவுகிறது. உதட்டோரம் ஒரு சின்னப் பொய். "இப்பத்தாம்மா இவ என்கிட்ட மாட்டினா!" என்றார்.

திட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. 'அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு அக்காவா?' என்றார் ஓர் அம்மாள். அவள் எதையும் பொருட்படுத்தவில்லை. கட்டைப் பிரித்ததும் கண் பச்சை மையைத்தான் தேடும். முதல் வாரம் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. தெருவில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து பார்க்கத் தங்கை மாதிரியே இருந்தார்கள்.

மூன்றாம் வாரம் வந்தது.

'ஃபோனை வைத்த பிறகு அந்தத் தங்கை என்ன செய்தாள் என்று எழுதவில்லையே. அக்காவுக்குத் தெரிந்திருக்காது. நேரில் வந்து கேட்டால் சொல்வாள்.'

கீழே பெயர் இல்லை. விலாசம் இருந்தது.

கார்டைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். பிறகு எழுந்து போய், கல்லாவில் இருந்த முதலாளி முன்னால் தயங்கித் தயங்கி நின்றாள்.

"சார், நாளைக்கு ஒருநாள் லீவு வேணும்..."

"தாராளமா எடுத்துக்கம்மா. அதுக்கு ஏன் இப்படிக் கையைப் பிசையறே?" என்றார் அவர். "என்னிக்காவது உனக்கு லீவு இல்லைன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல சார்" என்றாள்.