வலையில் தொங்கிய பந்து

கால்பந்துக் கம்பத்துக்குப் பின்னால் வலை எதற்குக் கட்டுகிறார்கள் என்று கேட்டால், பந்து ஓடிப்போகாமல் இருக்க என்று பாதிப் பேர் சொல்வார்கள். அதற்கென்றால் நாலு ஓலைத் தட்டி போதும். வலை கட்டுவது சாட்சிக்காக. வேகமாக வந்த பந்து கம்பத்துக்கு உள்ளே போயிற்றா, ஒட்டினாற்போல் வெளியே போயிற்றா என்பது தூரத்திலிருந்து ஓடிவரும் ரெஃபரிக்குச் சில சமயம் தெரியாது. வலை இருந்தால் அது குலுங்கும். பந்து வேகம் அடங்கி, வலையோடு சறுக்கிக் கீழே வந்து, உள்ளேயே கிடக்கும். அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது.

கடலூர் ஓ.டி. டீமுக்கு அந்தச் சாட்சியைக் கட்டித் தந்தவன் சோனங்குப்பத்து அய்யனார். பழைய டவுனை, ஓல்டு டவுன் என்பதைச் சுருக்கி, ஓ.டி. என்றுதான் ஊர் சொல்லும். ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். அதனால் வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும், கடலுக்குப் போய் ஓய்ந்த வலையில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, கிழிசல் பின்னி, பட்டை போட்டுக் காய்ச்சிய சாயத்தில் நனைத்து உலர்த்தி, குப்பத்தின் பங்காக டீமுக்குக் கொடுப்பது வழக்கம். பின்னுவதை யாரும் செய்துவிடலாம். தொங்கவிடுவதில்தான் வேலை இருக்கிறது. இறுக்கிக் கட்டினால் பந்து பட்டுத் திரும்பி மைதானத்துக்கே வந்துவிடும். தொளதொளவென்று விட்டால் கோல் காக்கிற கோலியின் கால் சிக்கும். மேலே இறுக்கம், நடுவில் கொஞ்சம் தொப்பை, கீழே முளைக்குச்சி. இதில் அய்யனாருக்கு நிகர் கிடையாது என்று அவன் பெண்டாட்டி அஞ்சம்மாளே ஒப்புக்கொள்வாள். வேறு எதிலும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

டீமை ஆரம்பத்தில் நடத்தியவர்கள் துறைமுக ஆபீஸ் குமாஸ்தாக்கள். அவர்களால் தாங்க முடியாமல் போனபோது, சிதம்பரத்தில் ரைஸ் மில் வைத்திருந்த நடனசபாபதி வந்து பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார், பனியன் வாங்கிக் கொடுத்தார், தலைவரானார். அதுவரைக்கும் யாருக்கும் குறையில்லை. குறை வந்தது அறுபத்தொன்றாம் வருஷத்துக் கேடயப் போட்டி ஆட்டங்களில். துறைமுக மைதானத்தின் கிழக்கே ஒரு மணல்மேடு உண்டு. குப்பத்து ஜனம் நின்று பார்ப்பது அங்கேதான். கரைவலை இழுப்பது எப்படியென்றால், இரண்டு கயிற்றுக்கு இரண்டு கூட்டம்; ஒரு கூட்டம் 'ஏலேலோ' என்று எடுத்துக் கொடுக்க, மறு கூட்டம் 'ஐலசா' என்று வாங்கி இழுக்கும். மேட்டின் இரண்டு முனையிலும் நின்று அதையே ஆட்டத்துக்கும் போட்டார்கள். அந்தச் சத்தம் ஏறினால் ஓ.டி. பிள்ளைகள் தூக்கத்தில்கூடக் கோல் போடுவார்கள்.

அந்த மேட்டை நடனசபாபதி ஓலைத் தட்டியால் அடைத்தார்.

"மீன் கூடையோட வர்றவங்க தட்டிக்கு அந்தாண்ட நில்லுங்க. இந்தப் பக்கம் நாற்காலி போடப் போறோம்" என்றார். அதோடு விடவில்லை. டீமின் பெயர் இனி 'நடனா ரைஸ் மில் லெவன்', அடுத்த வருஷத்திலிருந்து ஆட்டமெல்லாம் சிதம்பரத்தில் என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆட்டத்துக்கு மேட்டு ஜனம் வழக்கம்போல வந்தது. தட்டிக்குப் பின்னால், தலையும் தோளும் தெரிய, மேட்டின்மேல் ஏறி நின்றது. விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒருசேரத் திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். வாயைத் திறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் முதுகைக் காட்டினால் ஆடுகிறவனுக்குக் கால் எழும்பாது. ஓ.டி. டீம் தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தது. நாற்காலியில் இருந்த நடனசபாபதியின் முகம் கறுத்துப்போனது.

அஞ்சம்மாளின் தம்பி சின்னதம்பிக்கு இது போதவில்லை. தூண்டில்காரன், சுருக்கென்று கோபம் வரும். குனிந்து ஒரு கல்லை எடுத்தான். அய்யனார் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வுடு மாமா. அந்தாளு மண்டையில ஒண்ணு வெச்சாத்தான் அடங்குவான்."

"கல்லு வுழுந்தா நாளைக்கு ஊரு கல்லப் பத்திப் பேசும் மச்சான். தட்டியப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான். கீழ போடு."

"முதுகக் காட்டுறது ஒரு சண்டையா?"

"மூஞ்சக் காட்டுனா மட்டும் ஒனக்குப் பொண்ணா தரப் போறாங்க? கீழ போட்றா" என்றாள் அஞ்சம்மாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கல் கீழே விழுந்தது.

மேட்டுக்காரர்கள் சார்பில் அய்யனார் ஆட்டக் கமிட்டிக்குப் போனான். கமிட்டித் தலைவர் வக்கீல் சிற்றம்பலம், நிதானமானவர். இரு தரப்பையும் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். ஜெயிக்கிற டீமின் பெயரைக் கேடயத்தில் செதுக்க வேண்டும்; இந்த டீம் ஜெயித்தால் செதுக்குவது ஓ.டி. பெயரா, மில் பெயரா என்பதை ஃபைனல் முடிந்ததும் கமிட்டி தீர்மானிக்கும். "ஆனா ஒண்ணு. உங்க ஆளுங்களால ஆட்டம் கெட்டுச்சுன்னா பேரு அவருக்குத்தான். டீமும் சிதம்பரத்துக்குத்தான்" என்றார். அய்யனார் ஒத்துக்கொண்டான்.

ஃபைனல் சிதம்பரத்தில், எதிர்த்து ஆடுவது காட்டுமன்னார்கோயில் டீம். இரண்டு நாள் முன்னால் மில்லிலிருந்து ஆள் வந்து வலை கேட்டான். கொடுப்பதா வேண்டாமா என்று குப்பத்தில் பெரிய பேச்சு. கொடுக்கக் கூடாது என்றுதான் பலரும் சொன்னார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்று கொடுக்கலாம் என்று சொன்னவன் சின்னதம்பி.

"நம்ம பசங்க ஆடுற ஆட்டம். நானே மொதல்லயே எடுத்துக்கினு போயி கட்டிட்டு வரேன் மாமா."

புத்தி வந்துவிட்டது என்று அய்யனார் சந்தோஷப்பட்டான். அங்கேதான் ஏமாந்தான்.

ஃபைனல் அன்று மேட்டு ஜனம் மொத்தமும் பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் போய் இறங்கியது. மைதானத்தைச் சுற்றிக் கயிறு, அதற்கு வெளியே நெருக்கியடித்துக் கூட்டம், கூட்டத்துக்கும் வெளியே உயரமான தட்டி. ஜனம் காட்டுமன்னார்கோயில் கம்பத்துக்குப் பின்னால் இடம் பிடித்தது. அன்று முதுகைக் காட்டவில்லை. பிள்ளைகள் ஜெயித்தால்தானே பெயர் என்கிற பேச்சே வரும். இரண்டு முனையாகப் பிரிந்து நின்று ஏலேலோவை எடுத்தார்கள். சத்தம் ஏறியது. காப்டன் பொன்னுரங்கம் பந்தை வாங்கினான், ஒருத்தனை ஏய்த்தான், இடது காலால் ஓங்கி அடித்தான். கோல்! வலை குலுங்கியது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அய்யனாரும் கையைத் தூக்கியவன், தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.

பந்து கீழே விழவில்லை. தரைக்கு ஒரு முழம் மேலே, வலையிலேயே தொங்கியது.

வலை தொங்குவதைப் பார்த்தே உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று சொல்கிறவன் அவன். அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர், அதை மூட மேலே செருப்புக்குப் போடுவதுபோல் தோல் வார் பின்னல். அந்த வாரை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணி பிடிக்காது, முள்தான் பிடிக்கும். தூண்டில் முள்.

காட்டுமன்னார்கோயில் கோலி சாமிக்கண்ணு பந்தை எடுக்க வலைக்குள் கையை நீட்டினான்.

"கைய வெக்காத! டேய் தம்பி, வெக்காத!" அய்யனார் கயிற்றைத் தாண்டி ஓடினான். சாமிக்கண்ணுவின் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள்.

ரெஃபரி ஓடி வந்தார். "என்னய்யா இது? யார் நீ?"

பழைய வலை, ஒரு முள் தங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாரும் நம்பியிருப்பார்கள். பெயரும் பிழைத்திருக்கும். ஆனால் இந்த வலையில் எத்தனை முள், அந்தப் பக்கத்து வலையில் எத்தனை என்பது கட்டினவனுக்குத்தான் தெரியும். ஒன்று மிச்சமிருந்தாலும் யாரோ ஒரு பிள்ளையின் உள்ளங்கை போய்விடும். அய்யனார் எழுந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

"சின்னதம்பி! இங்க வாடா!"

சின்னதம்பி தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "பந்து பொத்துப் போவும், ஆட்டம் நின்னு போவும், அந்தாளு மானம் போவும்னு..."

"பந்துக்குத் தோலு இருக்குடா, முள்ளு எறங்காது. இவன் கையில இன்னாடா இருக்கு? எத்தினி கட்டின?"

"ஏழு. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல மாமா, சத்தியமா."

"ஒன் கையாலயே அவுரு. எல்லாரும் பாக்கட்டும்."

ஏழு முள்ளும் சின்னதம்பியின் கையாலேயே வெளியே வந்தன. அதற்குள் நடனசபாபதி நாற்காலியை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

"பாத்தீங்களா வக்கீல் சார்? இதுக்குத்தான் தட்டி போட்டேன். ஆட்டத்தக் கெடுத்தாச்சு இல்ல? பேர் முடிஞ்சுபோன விஷயம். இந்தக் கூட்டத்த வெளியே தள்ளுங்க. அந்த வலையையும் ரெண்டு பக்கமும் அவுத்து எறிங்க!"

சிற்றம்பலம் அய்யனாரைப் பார்த்தார். அய்யனார் தானே முதல் ஆளாகக் கயிற்றைத் தாண்டி வெளியே நடந்தான். ஒத்துக்கொண்ட பேச்சாயிற்றே. மேட்டு ஜனம் அவமானத்தோடு தட்டிக்கு வெளியே போனது. கோல் கணக்கில் நின்றது. வலை மட்டும் இரண்டு பக்கமும் போயிற்று.

வெறும் கம்பத்தோடு ஆட்டம் தொடர்ந்தது. கொஞ்ச நேரந்தான். காட்டுமன்னார்கோயில்காரன் ஒருத்தன் அடித்த பந்து ஓ.டி. கம்பத்தை உரசினாற்போல் போய்த் தட்டியில் மோதியது. கோல் என்று ஒரு பக்கம் துள்ளியது. வெளியே என்று மறுபக்கம் கத்தியது. ரெஃபரி கம்பத்தைப் பார்த்தார், தட்டியைப் பார்த்தார். இரண்டும் சாட்சி சொல்லவில்லை. சட்டையைப் பிடிக்கிற நிலைமைக்கு வந்தது.

"வெளியே! வெளியேதான்! ஆடுங்கப்பா, நான் சொல்றேன் இல்ல?" என்றார் நடனசபாபதி.

சாமிக்கண்ணு தன் கம்பத்திலிருந்து நடந்தே வந்தான். "மொதலாளி, வலை இல்லாம இந்த ஆட்டம் ஆட்டமே இல்ல. என் கையக் காப்பாத்துனாரே, அந்த அண்ணன உள்ள வுடுங்க. அவரு கட்டட்டும்."

"முள்ளு வெச்ச கூட்டத்தையா?"

"வெச்சவன் ஒருத்தன். எடுக்க வெச்சதும் அவுங்கதானே? தன் பேரு போவும்னு தெரிஞ்சே ஓடியாந்தாரு. நானாயிருந்தா ஓடியாந்திருப்பனோ என்னமோ."

பொன்னுரங்கம் நடுக்கோட்டில் போய் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து ஓ.டி. பிள்ளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள்.

"எழுந்திருடா! பூட்ஸ் யார் வாங்கினது?"

"நீங்கதான் மொதலாளி." பொன்னுரங்கம் குனிந்து பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். "காலு எங்களுது. மேட்டு ஜனம் உள்ள வந்தா ஆடுது. இல்லாட்டி இப்பிடியே குந்தும்."

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. சிதம்பரத்து ஆட்களும் சேர்ந்து கைதட்டினார்கள். சிற்றம்பலம் தட்டியருகே போய்த் தாமே ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்.

அய்யனார் இரண்டு கம்பத்திலும் வலையைக் கட்டினான். மேலே இறுக்கம், நடுவில் தொப்பை. கட்டி முடித்ததும் ஒரு காரியம் செய்தான். வெறும் உள்ளங்கையை வலையின்மேல் அழுத்தி வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், மேலிருந்து கீழே, ஒரு கண்ணி விடாமல் தடவிக்கொண்டே போனான். இரண்டு வலையிலும். முடித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒரு கீறல் இல்லை.

சந்தேகத்துக்குரிய பந்தைத் தள்ளிவிட்டு ரெஃபரி ஆட்டத்தை மறுபடி தொடங்கினார். காட்டுமன்னார்கோயில் ஒரு கோல் போட்டது. சுத்தமான கோல், வலை சொன்னது, யாரும் மறுக்கவில்லை. அதன்பிறகு மேட்டு ஜனம் ஏலேலோ எடுத்தது பாருங்கள், மறுமுனையில் ஐலசா வாங்கியது சிதம்பரத்துக் கூட்டம். பூட்ஸை மறுபடி மாட்டாமல் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த பொன்னுரங்கத்துக்கு உயரமாக ஒரு பந்து வந்தது. தலையால் குத்தினான். சாமிக்கண்ணு நீளத்துக்கும் பாய்ந்தான்; எட்டவில்லை. பந்து வலையின் தொப்பையில் விழுந்து, அடங்கி, சறுக்கிக் கீழே வந்து படுத்தது.

ஆட்டம் முடிந்ததும் சிற்றம்பலம் மேஜைமுன் எழுந்தார்.

"முள் கட்டினது தப்பு. மனுஷன் கையக் கிழிக்கிற எதுவும் போராட்டம் இல்ல. சின்னதம்பி ஒரு வருஷம் எந்த மைதானத்திலயும் கால் வெக்கக் கூடாது." சின்னதம்பி தலையாட்டினான். "அடுத்தது பேரு. அவுங்களால ஆட்டம் கெட்டாப் பேரு இவருக்குன்னு சொன்னேன். கெட்ட ஆட்டத்த அவுங்களே நிறுத்தினாங்க, அவுங்களே சரிபண்ணாங்க. வலைய எடுத்து எறிஞ்சு மறுபடி கெடுத்தது தலைவர். அதனால கேடயத்துல ஏறப்போறது கடலூர் ஓ.டி. அடுத்த வருஷ ஆட்டம் துறைமுக மைதானத்துல. மணல்மேட்டுல தட்டி இருக்கக் கூடாது."

மேலே என்ன சொன்னாரோ யாருக்கும் கேட்கவில்லை. அஞ்சம்மாள் அய்யனாரின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அவளுடைய பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

சாயங்கால வண்டியில் கேடயம் மடிமடியாக மாறிக்கொண்டே வந்தது. கிள்ளையில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் ஒருத்தன் கேட்டான், "யாரு ஜெயிச்சது?" பெட்டியே பதில் சொல்லிற்று, "ஓ.டி.!"

பரங்கிப்பேட்டையிலும் ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த சின்னதம்பியைத்தான் கேட்டார். அவன் பதில் சொல்லாமல் அய்யனாரைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லேன் மச்சான். காலு வெக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. வாய்க்கு இன்னா?"

சின்னதம்பி எழுந்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஸ்டேஷன் புதுச்சத்திரம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"கடலூர் ஓ.டி.!"